யாரைக் கேட்பது?

கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரிலிருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு, 1969 அக்டோபர் 29-ஆம் தேதி இரவு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலிருந்து, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் முதல் செய்தி வந்து சேர்ந்ததை இணையத்தின் சரித்திரத்தை எழுதுவோர் எவரும் சொல்லாமல் விடுவதில்லை. அதே நிலையத்தில் இயங்கிய வலைத் தகவல் மையம், ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம், இந்தக் காரியத்துக்கு யாரைக் கேட்பது என்று வந்த கேள்விகளுக்கெல்லாம் தொலைபேசியிலும் விடை சொல்லிக்கொண்டிருந்ததை மட்டும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் இரண்டாவதற்கும் முதலாவதற்குரிய மதிப்பு உண்டு. கம்பி வழியே செய்தி ஓடினால் போதாது, அது எவர் கையில் சேர வேண்டும் என்பதும் தெரிந்தாக வேண்டுமல்லவா?

அந்த மையத்தை நடத்தி வளர்த்தவர் எலிசபெத் ஃபைன்லர். நண்பர்கள் வட்டத்தில் அவருக்கு 'ஜேக்' என்று பெயர். ரசாயனம் படித்து, ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ரசாயன ஆய்வுச் சுருக்கங்களைத் தொகுத்து வெளியிடும் ஸ்தாபனத்தில் வேலை பார்த்து, எதை எந்தத் தலைப்பின் கீழ் வைத்தால் தேடுகிறவன் கண்ணில் படும் என்ற வித்தையில் பழகியவர். 1972-இல் அதே ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டக்ளஸ் எங்கெல்பார்ட் அவரை அழைத்து, அவ்வாண்டு அக்டோபரில் வாஷிங்டன் மாநாட்டில் அர்ப்பாநெட்டைப் பலர் அறியக் காட்டுவதற்குள் ஒரு கைநூல் தயாராக வேண்டும் என்று பணித்தார். எந்த நிலையத்தில் எந்தக் கணிப்பொறி இருக்கிறது, அதில் என்னென்ன செய்யலாம், மேற்கொண்டு விசாரிக்க யாரை அணுக வேண்டும் என்பவை அதில் அடங்க வேண்டிய விஷயங்கள். வலையில் சேர்ந்த ஒவ்வொரு நிலையத்திலும் 'தொழில்நுட்பத் தொடர்பாளர்' என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். ஆள் மாறலாம், ஊர் மாறிப் போகலாம். அந்தப் பொறுப்பு மட்டும் யாரோ ஒருவர் தலையில் இருந்தே தீரும். பட்டியலில் பெயரோடு பொறுப்பும் நின்றதனால்தான் அது வெறும் விலாசப் புத்தகமாகிவிடாமல் தப்பியது.

அக்காலத்தில் கணிப்பொறிகளின் பெயர்ப்பட்டியலை அந்தந்த நிலையம் தன் வசதிப்படி வைத்திருக்க, ஒன்றுக்கொன்று பொருந்தாமல் குழப்பம் நேர்ந்தது. 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் என்பவர் இதைச் சுட்டிக்காட்டி எழுதியதும், சில மாதங்களுக்குள் பட்டியல் ஒன்றாகி மென்லோ பார்க்கின் பொறுப்பில் வந்தது.

ஆட்களின் பட்டியலும் இப்படி ஒரே இடத்தில் இருந்தது; அதனால் வரும் அபாயமும் விரைவில் தெரிந்தது. 1978 மே மாதத்தில் கேரி தூர்க் என்ற விற்பனையாளர், அச்சிட்ட அர்ப்பாநெட் பயனர் புத்தகத்திலிருந்து விலாசங்களை எடுத்து, ஏறத்தாழ 400 பேருக்குத் தம் நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்கான விளம்பரத்தை ஒரே மூச்சில் அனுப்பிவைத்தார். கேட்காத கடிதம் மொத்தமாக வந்த கதை அங்கே தொடங்குகிறது. ஒருவரை அணுகுவதற்காக வைத்த பட்டியல் எல்லோர் மீதும் பாய்வதற்கும் உதவும் என்பதை, அதைத் தொகுத்தவர்கள் அன்றே பார்த்துவிட்டார்கள்.

1982 மார்ச்சில் கென் ஹாரன்ஸ்டீனும் விக் ஒயிட்டும் 'ஹூஈஸ்' என்ற ஏற்பாட்டை எழுதி வெளியிட்டார்கள். இதை நான் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். மையத்தின் கணிப்பொறியில் 43-ஆம் வாயிலைத் திறந்து ஒரே ஒரு வரி எழுதினால், ஆளின் பெயர், அஞ்சல் விலாசம், தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் வந்துவிடும்; உடனே வாயில் மூடிக்கொள்ளும். ஸ்மித் என்று மட்டும் கேட்டால் ஸ்மித்கள் பலர் இருப்பார்களே! அப்போது ஒவ்வொருவருக்கும் உரிய சுருக்க அடையாளத்தோடு ஒரு சிறு பட்டியல் வரும். வேண்டியவரைத் தேர்ந்து, அந்த அடையாளத்தின் முன் வியப்புக் குறி இட்டு மறுபடி கேட்டால் முழு விவரமும் கிடைக்கும். முதலில் பட்டியல், பிறகு விவரம் என்ற கிரமம் அப்போதே அமைந்துவிட்டது. 1985-இல் திருத்தி வெளியிட்ட பிரதியின் உதவிக் குறிப்பில் இன்னொரு சங்கதி உண்டு: ஒரு குழுவின் பெயருக்கு முன் நட்சத்திரக் குறி இட்டால் அதன் அங்கத்தினர் அனைவரும் வருவார்கள், ஆனால் அங்கத்தினர் மிகுந்திருந்தால் வெகுநேரம் ஆகும் என்று பக்கத்திலேயே எச்சரிக்கையும் எழுதியிருந்தார்கள். கேட்பவனின் பொறுமையைக் கருதி எழுதிய அந்த வாக்கியத்தில், தொலைபேசியில் பேசிப் பழகிய மனிதரின் சிரத்தை எனக்குத் தெரிகிறது.

ஆளைவிடப் பொறுப்பே பிரதானம் என்ற எண்ணம் வேறு இடங்களிலும் வேர் விட்டது. 1982 ஆகஸ்டில் வந்த மின்னஞ்சல் விதி, எந்த நிலையமானாலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற விலாசம் அங்கே செல்லுபடியாக வேண்டும் என்றது. 1997-இல் டேவ் கிராக்கர் என்பவர், முறைகேட்டைப் புகார் செய்ய ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று, வலை இயக்கத்துக்கு ஒன்று என்று பொறுப்பு வாரியான விலாசங்களை வகுத்தார். 2018 மே 25-இல் ஐரோப்பிய அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வர, ஹூஈஸ் பதில்களில் தனிமனிதர் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. பின்னர், நிர்வாகம், தொழில்நுட்பம், முறைகேடு என்று ஒவ்வொரு தொடர்பின் பொறுப்பையும் இயந்திரம் படிக்கும்படி குறிக்கும் 'ஆர்டேப்' என்ற ஏற்பாடு, 2025 ஜனவரி 28 முதல் பொதுப் பெயர்க் களங்களுக்கு ஹூஈஸின் இடத்தைப் பெற்றது.

இந்தப் பழங்கதையில் நான் இறங்கியதற்குக் காரணம் ஒரு சிறு வேலை. ஒரு திட்டத்தின் தொடர்புக் குழுக்களைப் பட்டியலிட்டுத் தரும் ஏபிஐ கருவிக்கு, அதைப் பயன்படுத்தப்போகும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் படித்துக்கொள்ளும் விளக்கக் குறிப்பை எழுத நேர்ந்தது. "திட்டத்தின் தொடர்புக் குழுக்களைத் தரும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். சோதனையில், சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகப் போவதை உரியவர்களுக்குத் தெரிவிக்கும்படி ஏஜென்டைப் பணித்தோம்; பட்டியலில் முதலாவதாக நின்ற கட்டணக் குழுவுக்குக் கடிதம் எழுதி நீட்டியது. குற்றம் அதனுடையதன்று. மென்லோ பார்க்கின் தொலைபேசியில் ஒருவர், "நீங்கள் தேடுவது அவரையல்ல, இவரை" என்று திருத்தியிருப்பார். இங்கே அப்படித் திருத்த வேண்டியது என் குறிப்பு ஒன்றுதான், அதுவோ வாய் மூடி இருந்தது.

மறுபடி எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு குழுவும் எதற்குப் பொறுப்பு, பட்டியலின் வரிசைக்குப் பொருள் ஏதும் இல்லை, காலிப் பட்டியல் வந்தால் குழுவே இல்லையா அல்லது பார்க்க அனுமதி இல்லையா, இந்தக் கருவி பெயர்களைக் காட்டுமேயன்றி எவருக்கும் எதையும் அனுப்பாது என்பவற்றையெல்லாம் விரித்து எழுதினேன். கடைசி வரிக்கு வந்தபோது 1985-ஆம் ஆண்டுக் குறிப்பு நினைவில் நின்றது. அங்கத்தினர் விவரத்தையும் சேர்த்துக் கேட்டால், பெரிய குழுக்களுக்குப் பதில் வர நேரமாகும். குழுவைத் தேர்ந்துகொண்ட பிறகு அதை மட்டும் தனியே கேட்கவும் என்று எழுதி, குறிப்பை அனுப்பினேன்.