புளி (சொல்)

புளி என்பது அறுசுவைகளுள் ஒன்றையும், அச்சுவை கொண்ட பழத்தையும், அதைத் தரும் மரத்தையும் குறிக்கும் தமிழ்ச் சொல். விழுப்புரம் மாவட்டத்திலுள்ள திண்டிவனம் புளியின் பெயரைத் தாங்கிய ஊர். ஆனால் ஊர்ப்பெயரில் இருப்பது தமிழ்ச் சொல் அன்று. வடமொழியில் புளிக்குத் திந்திரிணி என்று பெயர். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, மருவித் திண்டிவனம் ஆயிற்று என்பர். அவ்வூர்ச் சிவன் கோயில் இறைவன் பெயரும் திந்திரிணீசுவரர்.

சுவை, மரம் இரண்டில் எதற்கு இப்பெயர் முதலில் வழங்கியது? அண்டை மொழிகள் விடை தருகின்றன. மலையாளம் தமிழைப் போலவே இரண்டையும் புளி என்கிறது. கன்னடத்தில் ஹுளி என்றால் புளிப்பு. சாம்பார் போன்ற குழம்புக்கும் அங்கே அதுவே பெயர். மரமோ ஹுணசெ எனச் சற்று வேறு வடிவம் பெறுகிறது. தெலுங்கில் புளிப்பு புலுபு. மரத்தின் பெயர் சிந்த. நான்கு மொழிகளுக்கும் பொதுவாக நிற்பது சுவைப்பெயரே. இம்மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா எனத் தாவரவியலார் கூறுவதையும் சேர்த்துப் பார்த்தால், சுவையின் பெயரே பின்னர் மரத்துக்கு ஏறியது எனக் கொள்வது பொருந்தும். புளியமரத்தோடு உறவில்லாத புளிச்சகீரையும் குடம்புளியும் இப்பெயர் பெற்றது சுவையால்தான். கொடுக்காய்ப்புளி மட்டும் விலக்கு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அதில் புளிப்பு குறைவு. காயின் தோற்றமே பெயரைத் தந்திருக்க வேண்டும்.

இரு பொருளையும் தொல்காப்பியர் புணர்ச்சியிலேயே பிரித்துவிட்டார். உயிர் மயங்கியலின்படி மரப்பெயர் 'அம்' சாரியை பெற்றுப் புளியங்கோடு என வரும். சுவைப்பெயர் மெல்லெழுத்து மிகுந்து புளிங்கூழ் என வரும். யாப்பு படிக்கும் மாணவர்கள் சொல்லும் தேமா, புளிமா என்ற வாய்பாட்டிலும் இருப்பது சுவைதான்.

திண்டிவனம் வட்டாரத்தின் பழம்பெயர் ஓய்மாநாடு. அதை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடுகிறது சிறுபாணாற்றுப்படை. அவன் நாட்டு வேலூரில் எயிற்றியர் சமைத்த சூடான புளிச்சோறு, சுட்ட ஆமான் இறைச்சியோடு பாணர்க்குக் கிடைக்கும் என்கிறது அந்நூல். இவ்வூர் இன்றைய வேலூர் மாநகரம் அன்று. திண்டிவனத்துக்குக் கிழக்கே உள்ள உப்புவேலூர் என ஆய்வாளர் கருதுவர். ஆக, திந்திரிணி என்ற பெயர் ஒட்டிய மண்ணிலேயே புளி என்ற சொல் சங்க நூலில் சோற்றோடு பதிவாகியிருக்கிறது.

அரேபியர் இப்பழத்தைத் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை, என்றனர். ஆங்கிலத்தின் டாமரிண்டு அதிலிருந்து பிறந்தது.

பேச்சு வழக்கில் சொல் இன்னும் விரிந்தது. இட்லி மாவு புளிக்கும். பலமுறை கேட்ட செய்தியும் புளித்துப் போகும். அச்சம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். முற்றிய பழம் ஓட்டில் ஒட்டாமல் விலகி நிற்பதால், ஒரே வீட்டில் பட்டும் படாமலும் வாழ்பவரைப் புளியம்பழமும் ஓடும் போல என்பார்கள்.