பள்ளி: துறவியர் உறங்கிய இடம்

'பள்ளி' என்றதும் மணியோசையும் சீருடையும் கரும்பலகையும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அச்சொல்லின் பழைய பொருள் வேறு. படுத்துறங்கும் இடத்திற்கே பள்ளி என்று பெயர். பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள், திருப்பள்ளியெழுச்சி ஆகியவற்றில் அந்தப் பொருள் இன்றும் வாழ்கிறது. அப்படியானால், உறங்கும் இடம் கல்விக்கூடமானது எப்படி?

இதற்கான விடை மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இருக்கிறது. சமணத் துறவிகள் ஓரிடத்தில் நிலையாகத் தங்குவதில்லை. ஊர் ஊராக நடப்பதே அவர்களது நெறி. மழைக்காலத்தில் மட்டும், சிற்றுயிர்கள் காலில் மிதிபடக்கூடாது என்பதற்காக ஓரிடத்தில் தங்குவர். அவர்களுக்காகக் குகைகளில் கற்படுக்கைகள் வெட்டப்பட்டன. தலைமாட்டில் தலையணை போன்ற மேடும் உண்டு. புதுக்கோட்டை சித்தன்னவாசலில் இத்தகைய 17 படுக்கைகள் உள்ளன.

மாங்குளம் மலையிலும் இப்படுக்கைகள் இருக்கின்றன. அங்குள்ள கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்தார். கணிநந்தன் என்ற துறவிக்காக, நெடுஞ்செழியனின் பணியாளர் ஒருவர் செய்வித்த கொடையை அவற்றுள் ஒன்று கூறுகிறது. அந்தக் கொடைக்கு அக்கல்வெட்டு தரும் பெயரே 'பளிஇய்', அதாவது பள்ளி! இது கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு.

படுக்கையைக் குறித்த சொல், காலப்போக்கில் துறவியர் கூடி வாழும் மடத்தையும் குறித்தது. சமணர், பௌத்தர் இருவரின் மடங்களும் பள்ளி எனப்பட்டன. அவற்றுக்கு விடப்பட்ட நிலம் 'பள்ளிச்சந்தம்' ஆனது. இதில் மலேசியத் தமிழர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த பௌத்த விகாரைக்கு, முதலாம் இராசராச சோழன் ஏறத்தாழ 1006இல் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். லெய்டன் செப்பேடுகள் இதைத் தெரிவிக்கின்றன. கடாரம் என்பது இன்றைய கெடா மாநிலம்.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் ஆகிய நான்கையும் கொடுப்பது சமணர் போற்றிய அறம். துறவிகள் தங்கிய இடத்திலேயே பிள்ளைகளுக்கு எழுத்தும் கற்பித்தனர்; அதனால்தான் கல்விக்கூடத்திற்குப் பள்ளிக்கூடம் என்ற பெயர் வந்தது என்பது மயிலை சீனி. வேங்கடசாமி போன்ற அறிஞர்களின் விளக்கம். கழுகுமலைக் கல்வெட்டுகளில் 'குரத்தியர்' எனப்படும் பெண் ஆசிரியர்களும் இடம்பெற்றுள்ளனர் என்பது பெருமைக்குரியது.

பின்னர் வந்த சமயங்களும் இச்சொல்லை விலக்கவில்லை. முஸ்லிம்களின் தொழுகை இல்லம் பள்ளிவாசல் ஆனது. கேரளத்தில் கிறிஸ்தவ தேவாலயமும் பள்ளிதான். இத்தனை சமயத்தாரும் தம்முடையதாக ஏற்றுக்கொண்ட தமிழ்ச்சொற்கள் மிகச் சிலவே.

அந்தச் சொல் பொறிக்கப்பட்ட மாங்குளம் மலை நிற்கும் மீனாட்சிபுரமும், பக்கத்து அரிட்டாபட்டியும் 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. ஆயினும், 2024இல் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கான உரிமம் ஏலம் விடப்பட்டது. மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஏட்டில் உள்ள சொல் அழிந்தால் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். மலையில் வெட்டிய சொல்லை மலையோடு இழந்தால், எந்தப் பள்ளியில் போய்ப் படிப்பது?