வால்வு நோயும் ரத்தப் பரிசோதனையும்

பெருந்தமனி வால்வு சுருங்கியவருக்கு எப்போது அறுவை செய்வது என்பது இதய மருத்துவத்தில் நெடுநாள் இழுபறி. கடும் சுருக்கம் இருந்தும் நோயாளி பல ஆண்டுகள் தொந்தரவின்றி நடமாடுவார். நெஞ்சுவலியோ மயக்கமோ மூச்சிரைப்போ தலைகாட்டிய பிறகு மிஞ்சும் ஆயுள் சில ஆண்டுகளே. 1968-இல் ஜான் ராஸும் யூஜின் பிரான்வால்டும் இதை எடுத்துக்காட்டியபின், அறிகுறி வரும்வரை பொறுப்பதே வழக்கமாயிற்று. வழக்கத்தில் ஓர் ஓட்டை உண்டு. மூச்சு வாங்குகிறதே என்று மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்ட முதியவர், மருத்துவர் கேட்டால் “ஒன்றும் இல்லை” என்பார். அவர் சொல்வது பொய்யுமல்ல.

இந்த ஓட்டையை அடைக்க உதவிய பொருள், வால்வைப் பற்றிய ஆய்வில் கிடைத்ததன்று. 1956-இல் புரூனோ கிஷ், சீமைப்பெருச்சாளி இதயத்தின் மேலறைத் தசையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது நுண்ணிய மணிகள் தென்பட்டன. சுரப்பிகளில் இருக்க வேண்டியவை இதயத்தில் ஏன் இருக்கின்றன என்பது கால் நூற்றாண்டுக்கு விளங்கவில்லை. கனடாவின் கிங்ஸ்டனில் அடோல்ஃபோ டி போல்டின் குழு, எலியின் மேலறைத் தசையை அரைத்தெடுத்த சாற்றை வேறு எலிகளுக்கு ஊசியாகச் செலுத்தியது. சிறுநீர் 10 மடங்கும், அதில் வெளியேறிய சோடியம் 30 மடங்குக்கு மேலும் பெருகின. 1981-இல் இது வெளியானது. ரத்தத்தை இறைக்க மட்டுமே அறிந்ததாகக் கருதப்பட்ட இதயம், ஹார்மோன் சுரக்கும் உறுப்பும் ஆயிற்று.

1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றி மூளையிலிருந்து இதே இனத்துப் புரதத்துணுக்கு ஒன்றைப் பிரித்தார்கள். அதுதான் பி.என்.பி. மனிதரில் அதன் முதன்மை ஊற்று மூளையன்று, இதயத்தின் கீழறை. வால்வு சுருங்கினால் கீழறை கூடுதல் அழுத்தத்தோடு ரத்தத்தைத் தள்ள வேண்டும். சுவர் இழுபட்டதும் தசைச் செல்கள் 108 அமினோ அமிலம் கொண்ட முன்னோடிப் புரதத்தை உருவாக்குகின்றன. அது 32 அமிலமுள்ள பி.என்.பி. ஆகவும், 76 அமிலமுள்ள என்.டி.-புரோபி.என்.பி. ஆகவும் பிளவுபடும். முன்னது சுமார் 20 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும்; பின்னது அதைவிட நீடிக்கும்.

2000-இல் அமெரிக்காவில் பி.என்.பி. பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. முதல் பயன் இதயச் செயலிழப்பைக் கண்டறிவதே. வால்வு நோய்க்கு வழி திறந்தவற்றுள் 2004-இல் வெளியான வியன்னா ஆய்வு முக்கியமானது. கடும் சுருக்கம் இருந்தும் அறிகுறியற்றவர்களில், அளவு உயர்ந்திருந்தவர்களுக்கு விரைவிலேயே அறிகுறி தோன்றியது. 2012-இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் இதைத் தயக்கத்தோடு ஏற்றது. 2017-இல் தயக்கம் குறைந்தது: வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய இயல்பளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல், மறுபரிசோதனையிலும் மாறாமல், வேறு காரணமுமின்றி இருந்தால், அறுவை ஆபத்து குறைந்தவருக்கு அறிகுறி இல்லாமலே வால்வை மாற்றுவது பற்றி எண்ணலாம் என்றது. 2020-இல் அமெரிக்க வழிகாட்டுதலும் மூன்று மடங்கு அளவை ஏற்றது.

‘வேறு காரணமின்றி’ என்ற நிபந்தனை வெறும் சம்பிரதாயம் அன்று. முதுமை, சிறுநீரகக் கோளாறு, மேலறைத் துடிப்புக் குழப்பம் ஆகியவை அளவை ஏற்றும், உடற்பருமன் இறக்கும். மேலும், ரத்தம் காட்டுவது தசை படும் பாட்டையே தவிர, வால்வின் குறுக்கத்தை அல்ல. அதை அளக்க இன்றும் எக்கோதான்.