குழாய் வந்தது, சாலை வந்தது, நிலம் யாருடையது?

பனி மூடிய மலைச்சரிவில் பெரிய லாரிகள் வழுக்கி வழுக்கி ஏறும் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்கு அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை நன்றாகவே தெரிந்திருக்கும். ஃபேர்பேங்க்ஸுக்கு வடக்கே தொடங்கி, யூகான் ஆற்றைக் கடந்து, புரூக்ஸ் மலைத்தொடரில் ஏறி இறங்கி, ஆர்க்டிக் பெருங்கடலுக்கு அருகில் முடிகிற 666 கிலோமீட்டர் பாதை அது. பெரும்பகுதி சரளைக்கல் சாலைதான். கூடவே ஒரு பெட்ரோலியக் குழாயும் ஓடுகிறது. இந்தச் சாலை பிறந்த கதையைத் தேடிப் போனால் ஒரு கருங்கண்ணாடிக் கல்லும், திமிங்கிலமும், ஜப்பானிய உருக்காலைகளும், வழக்குப் போட்ட ஒரு சிற்றூரும் வரிசையாக எதிர்ப்படுகின்றன.

முதலில் நடந்தது கல் வியாபாரம். கொயுகுக் ஆற்றுப் பக்கத்தில் பாட்ஸா தேனா என்ற இடத்தில் எரிமலைக் கண்ணாடி கிடைக்கிறது. உடைத்தால் கத்தியாகும். 12,000 ஆண்டுகளாக மக்கள் அதை எடுத்து வந்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் செய்த கருவிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியும் அகப்படுகின்றன. பிறகு எண்ணெய் வந்தது, ஆனால் பூமிக்கடியிலிருந்து அல்ல. கடலோர இனுபியாட் மக்கள் சீல் எண்ணெயைக் கொண்டுவருவார்கள். மலைப்பக்கத்து நுனாமியுட் மக்கள் காரிபூ மான்தோலைக் கொண்டுவருவார்கள். ஆற்று முகத்துவாரத்தில் கூடிப் பண்டமாற்று நடக்கும். இன்று லாரிகள் போகிற அதே வடக்கு தெற்குத் திசையில் அன்றைக்கே சரக்கு போய் வந்துகொண்டிருந்தது.

1848-இல் தாமஸ் ராய்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் பேரிங் நீரிணையைத் தாண்டி வடக்கே போனார். அங்கே கொழுத்த வில்தலைத் திமிங்கிலங்கள் நிறைய இருந்தன. செய்தி பரவியது, சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அவரைப் பின்பற்றி வந்துவிட்டன. திமிங்கில எண்ணெய் தொலைதூர நகரங்களின் விளக்குகளில் எரிந்தது. 1859-இல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியக் கிணறு தோண்டப்பட்டதும் மண்ணெண்ணெய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நியாயமாக வடகடலின் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. திமிங்கில எண்ணெயைத் துரத்திய அதே மண்ணெண்ணெயின் மூலப்பொருள், அதே கடலோரத்து மண்ணுக்கடியிலேயே இருந்தது.

அதைக் கண்டெடுக்கும் முன்பு தங்கம் குறுக்கிட்டது. 1898-இல் க்ளோண்டைக் தங்க வயலில் இடம் கிடைக்காதவர்கள் கொயுகுக் பக்கம் வழிந்தார்கள். கோல்ட்ஃபுட், வைஸ்மன் என்ற இரண்டு ஊர்களும் அப்படி முளைத்தவை. வைஸ்மனுக்கு 1929-இல் பாப் மார்ஷல் என்ற வன ஆய்வாளர் வந்தார். பிறகு திரும்பிவந்து ஓராண்டுக்கு மேல் தங்கினார். ஊர்க்காரர்களைப் பற்றி 1933-இல் புத்தகம் எழுதி, அதில் கிடைத்த பணத்தை அவர்களோடு பங்கிட்டுக்கொண்டார். வரைபடத்தில் வெற்றிடமாக இருந்த மலைகளை அளந்து பெயர் வைத்தார். இந்த நிலத்தில் சாலையே வரக்கூடாது என்பது அவர் கட்சி.

சாலைக்கு வித்திட்டவரும் ஒரு மார்ஷல்தான். இவருக்கும் அவருக்கும் உறவில்லை. 1959-இல் மாநிலமான அலாஸ்காவுக்கு 10 கோடி ஏக்கருக்கும் அதிகமான நிலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. டாம் மார்ஷல் என்ற மாநில நிலவியலாளர், யாரும் சீந்தாத ஆர்க்டிக் கரையைக் காட்டினார். 1964-இல் ப்ரூடோ விரிகுடாப் பகுதியை மாநிலம் எடுத்துக்கொண்டது. ஆர்கோ என்ற எண்ணெய் நிறுவனம் முதலில் தோண்டிய கிணறு வறண்டு போனது. துளைக்கும் கருவியை வடக்கே நகர்த்தி இன்னொரு முறை முயன்றார்கள். 1968-இல், வட அமெரிக்காவிலேயே பெரிய எண்ணெய் வயல் அதில் அகப்பட்டது.

எடுத்த எண்ணெயை எப்படி வெளியே கொண்டுவருவது? நீர்மூழ்கிக் கப்பல், ராட்சத விமானம் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. மன்ஹாட்டன் என்ற எண்ணெய்க் கப்பல் 1969-இல் பனியை உடைத்துக்கொண்டு போய், அடையாளத்துக்கு ஒரே ஒரு பீப்பாயுடன் நியூயார்க் திரும்பியது. கடைசியில் குழாய்தான் என்று முடிவாயிற்று. நான்கடி விட்டமுள்ள அந்தக் குழாய்களை ஜப்பானில் வாங்கினார்கள். 1969 செப்டம்பரில் வால்டீஸ் துறைமுகத்தில் வந்து இறங்கின. அவற்றைப் பதிக்க வடக்கே போக ஒரு சாலை வேண்டுமே!

அவசரக்காரர் ஒருவர் ஏற்கெனவே முயன்றுவிட்டார். ஆளுநர் வால்டர் ஹிக்கல் 1968 குளிர்காலத்தில் புல்டோசர்களை அனுப்பிப் பாதை வெட்டச் சொன்னார். தெற்கே செய்வதுபோல மேற்பரப்பை வழித்துத் தள்ளினார்கள். அங்கே பாசிப் படலம்தான் அடியிலுள்ள உறைநிலத்துக்குக் கம்பளி. அதை உரித்ததும் கோடையில் நிலம் உருகி, பாதை நீர் நிற்கும் பள்ளமாயிற்று. அதற்குள் ஹிக்கல் அமெரிக்காவின் உள்துறை அமைச்சராகி, குழாய்க்கு அனுமதி தரும் நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

இந்த இடத்தில்தான் யூகான் கரையின் ஸ்டீவன்ஸ் வில்லேஜ் என்ற சிற்றூர் கதைக்குள் வருகிறது. வேலையும் ஒப்பந்தமும் தருகிறோம் என்ற பேச்சை நம்பி, வழியோரப் பூர்வகுடிக் கிராமங்கள் குழாய்த் தடத்தின் மீதான தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தன. ஒப்பந்தங்கள் வெளியாட்களுக்குப் போனதும் கிராமங்கள் பின்வாங்கி நீதிமன்றம் சென்றன. 1970 ஏப்ரலில் ஸ்டீவன்ஸ் வில்லேஜ் தடையுத்தரவு வாங்கியது. அதே மாதம் சுற்றுச்சூழல் அமைப்புகளும் தடை வாங்கின. ஜப்பானியக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் அடுக்கியபடியே கிடந்தன.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தத் தடைதான். 1867-இல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கியதிலிருந்து நூறு ஆண்டுகளாக, நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லவில்லை. குழாய் நின்றதும் எண்ணெய் நிறுவனங்களே தீர்வு கேட்டு வாஷிங்டனில் அலைந்தன. 1971 டிசம்பரில் சட்டம் வந்தது: பூர்வகுடிகளுக்கு 4 கோடியே 40 லட்சம் ஏக்கர், கூடவே 96.25 கோடி டாலர். எந்த நிலத்தைக் காக்கலாம் என்று ஆராயவும் அதே சட்டம் வழிவிட்டது. 1973-இல் செனட்டில் குழாய் தொடர்பான முக்கிய வாக்கு 49-49 என்று நின்றபோது, துணைக் குடியரசுத் தலைவர் ஸ்பைரோ ஆக்னியூ தன் வாக்கால் முடித்துவைத்தார். அந்த அக்டோபரில் வந்த அரபு எண்ணெய்த் தடை மிச்சமிருந்த எதிர்ப்பையும் கரைத்தது.

1974 ஏப்ரல் 29-இல் தொடங்கி 154 நாட்களில் யூகானுக்கு வடக்கே சாலை தயார். ஹிக்கல் பாதையின் பாடம் நினைவிருந்ததால் இம்முறை எதையும் உரிக்கவில்லை. சரளையைக் கொட்டி உயர்த்தினார்கள். குழாயையும் பாதிக்குமேல் தூண்களில் தூக்கி வைத்தார்கள். நிலம் உருகாமலிருக்க, தூண்களுக்குள் அம்மோனியா நிரப்பிய வெப்பக் குழாய்கள் சுமார் 1,24,000 செருகப்பட்டன. அவற்றைச் செய்தது விண்வெளித் துறையில் பெயர் பெற்ற மெக்டொனல் டக்ளஸ். 1977 ஜூன் 20-இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது.

1980-இல் வந்த இன்னொரு சட்டம் சாலைக்கு மேற்கே ஆர்க்டிக் வாயில்கள் தேசியப் பூங்காவை உருவாக்கியது. பாப் மார்ஷல் சூட்டிய பெயர்தான். சாலையின் இருபுறமும் ஐந்து மைல் வரை வேட்டைக்கு வில் அம்பு மட்டுமே, துப்பாக்கி கூடாது. முழுச் சாலையும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1994-இன் இறுதியில்தான்.

1988-இல் நாளுக்கு 20 லட்சம் பீப்பாய் ஓடிய குழாயில் இப்போது அதில் கால்வாசிதான் ஓடுகிறது. அடுத்த பார்வை செம்பின் மீது. டால்டனிலிருந்து மேற்கே ஆம்ப்ளர் வரை சுமார் 340 கிலோமீட்டருக்கு ஒரு சுரங்கச் சாலை திட்டமிடப்பட்டுள்ளது. அது பூங்காவின் தென்பகுதியைக் கடக்கும். அதற்கான வழியை 1980 சட்டமே விட்டுவைத்திருந்தது. 2024-இல் மத்திய அரசு அதை நிராகரித்தது. 2025-இல் புதிய அரசு அனுமதித்தது. காரிபூ மந்தைகளையும் மீனையும் நம்பியிருக்கும் பல கிராமங்கள் எதிர்க்கின்றன. வேலை வரும் என்று ஆதரிக்கும் கிராமங்களும் உண்டு. அந்த இரு தரப்பும் கூடிப் பேசி ஒப்புக்கொள்ளும் வரை அங்கே ஒரு லாரி சரளைகூட இறங்கக் கூடாது.