செய்தியின் வகையை யார் சொல்வது?: நிரல்களுக்கு இடையிலான தரவுப் பரிமாற்ற வரலாற்றில் ஒரு கேள்வி

ஒரு நிரலின் நினைவகத்தில் 300 என்ற முழு எண் இருக்கிறது. அதை வேறொரு கணினியில் ஓடும் நிரலுக்கு அனுப்ப வேண்டும். கேட்க எளிய வேலைதான். ஆனால் 1970களின் இறுதியில் டிஜிட்டல் நிறுவனத்தின் வேக்ஸ் கணினி இந்த எண்ணை 44, 1, 0, 0 என்று நான்கு பைட்டுகளாக வைத்திருக்கும். ஐபிஎம் 370 அதையே 0, 0, 1, 44 என்று வைத்திருக்கும். வேக்ஸின் பைட்டுகளை அப்படியே ஐபிஎம்மிடம் கொடுத்தால் அது 73,82,63,040 என்று படித்துவிட்டுத் தன் வேலையைத் தொடரும். பிழை என்று எதுவும் எழாது.

டேனி கோஹன் 1980 ஏப்ரல் 1 தேதியிட்டு எழுதிய புகழ்பெற்ற குறிப்பு இந்த வரிசைச் சிக்கலைப் பற்றியதே. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று 'கலிவரின் பயணங்கள்' நாவலில் வரும் சண்டையிலிருந்து அவர் எடுத்த 'பெரிய முனை', 'சிறிய முனை' என்ற பெயர்கள்தான் இன்றும் வழங்குகின்றன. வரிசைச் சிக்கலுக்கு ஓர் உடன்பாடு போதும், தீர்ந்துவிடும். தீராதது வேறொன்று. நான்கு பைட்டுகள் வந்து சேர்ந்தன. அவை முழு எண்ணா, தசம எண்ணா, நான்கு எழுத்துகளா? பைட்டுகள் தாமாக எதையும் சொல்வதில்லை. இரு நிரல்களும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் கவலையில்லை. மின்னஞ்சல், சான்றிதழ், செய்தி வரிசை போன்றவையோ நாளை யாரோ உருவாக்கப்போகும் வகைகளையும் சுமக்க வேண்டியவை. அங்கே செய்தியின் வகையை யார் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னதைப் பெறுபவர் எந்த அளவுக்கு நம்புவது? தரவை வரிசையாக்கும் முறைகளின் வரலாற்றை இந்தக் கேள்வியின் வரலாறாகவே படிக்கலாம் என்பது என் வாதம்.

1982-இல் மாரிஸ் ஹெர்லிஹியும் பார்பரா லிஸ்கோவும் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சரியான தொடக்கம். சிஎல்யு மொழியை வைத்து அவர்கள் முன்வைத்த கருத்து இது: ஒரு வகைக்கு ஒவ்வொரு கணினியிலும் வெவ்வேறு உள்ளமைப்பு இருக்கலாம், அனுப்ப வேண்டியது மதிப்பை மட்டுமே. அந்த வகைக்கென்று எல்லோரும் ஏற்ற வெளிவடிவம் ஒன்று இருக்கும். அனுப்புபவர் தன் உள்ளமைப்பிலிருந்து அதற்கு மாற்றுவார். பெறுபவர் அதிலிருந்து தன் உள்ளமைப்புக்கு மாற்றிக்கொள்வார். பொருளின் உட்கூறுகள் எல்லை தாண்டுவதில்லை. பின்னால் நேர்ந்த ஒரு பெரிய தவறை அளக்க இந்தக் கோட்பாடு உதவும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய எக்ஸ்டிஆர் வடிவம் 1987 ஜூனில் ஆர்எஃப்சி 1014 ஆக வெளிவந்தது. எல்லாத் தரவும் நான்கு பைட்டின் மடங்காக, பெரிய முனை முன்னால் வரும்படி எழுதப்படும். நம் 300 அதில் 0, 0, 1, 44. வகையைப் பற்றி ஒரு சொல்கூட உள்ளே இருக்காது. அது ஏன் இல்லை என்பதையும் அந்த ஆவணமே விளக்குகிறது: கிடைக்கும் சிறு பயனுக்கு ஆகும் செலவு அதிகம். அதோடு நிற்காமல், வகை வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழிகளையும் காட்டுகிறது. தரவின் முழு விவரணையை ஒரு சரமாக முதலில் எழுதி, பின் தரவை எழுதுவது ஒன்று. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை முன்னால் ஒட்டுவது மற்றொன்று. ஆவணத்தின் ஓரத்தில் கிடக்கும் இந்தச் சில வரிகளை நான் மிகவும் மதிக்கிறேன். முன்னும் பின்னும் வந்த வடிவங்கள் பலவற்றை இந்த இரண்டு வழிகளில் அடக்கிவிடலாம்.

விவரணையையே உடன் அனுப்பும் வழியில் போனது 1990களின் கோர்பா. அதன் 'எனி' என்னும் வகையில் மதிப்போடு அதன் முழு வகை விவரணையும் சேர்ந்து பயணிக்கும். ஒவ்வொரு செய்தியிலும் அந்தச் சுமை உண்டு. டக் கட்டிங் 2009-இல் தொடங்கிய ஆவ்ரோ இதைச் சிக்கனமாக்கியது: கோப்பின் தலைப்பில் விவரணை ஒருமுறை, அதன் கீழே பதிவுகள் எத்தனை இலட்சமானாலும்.

எண்ணை ஒட்டும் வழி எக்ஸ்டிஆர் ஆவணத்துக்கு முன்பே நடைமுறையில் இருந்தது. மின்னஞ்சல் தரத்துக்காக 1984-இல் எக்ஸ்.409 என்ற பெயரில் பிறந்து, பிறகு ஏஎஸ்என்.1 என்று தனி நின்ற முறை அது. வகைக்குறி, நீளம், மதிப்பு என்பது அதன் அடிப்படைக் குறியாக்க விதி. 300 அங்கே 2, 2, 1, 44 ஆகும்: முதல் 2 'முழு எண்' என்கிறது, அடுத்த 2 'இரண்டு பைட்டு' என்கிறது. 2013-இல் வந்த சிபிஓஆர் வடிவத்தில் 25, 1, 44. வகையும் அளவும் ஒரே பைட்டில் சுருங்கிவிட்டன. இந்த நீளம் எழுத்தைக் கணக்கிடுவதில்லை, பைட்டையே கணக்கிடுகிறது என்பதைத் தமிழில் நிரல் எழுதுபவர்கள் நன்கு அறிவார்கள். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறியீட்டுப் புள்ளிகள், யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 பைட்டுகள். எந்த எண்ணை நீளமாக எழுதுவது என்பதில் தவறினால் அடுத்து வரும் புலங்கள் எல்லாம் குலைந்துபோகும்.

வகைக்குறி 'முழு எண்' என்று சொல்லும். அது ஒருவரின் வயதா, ரூபாய்த் தொகையா என்று சொல்லாது. அதற்குப் பெயர் வேண்டும். ஏஎஸ்என்.1-இன் 1988-ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு அழகான ஏற்பாடு ஒன்றைக் கொண்டிருந்தது. ஒரு புலத்தில் எந்த வகையும் வரலாம். எது வந்திருக்கிறது என்பதைப் பக்கத்துப் புலத்தில் உள்ள பொருள் அடையாள எண் தீர்மானிக்கும். அந்த எண் உலகளாவிய ஒரு மரத்தின் கிளைவழி. 1.2.840.113549.1.1.11 என்பதில் 1.2 ஐஎஸ்ஓவின் உறுப்பு நாடுகள், 840 அமெரிக்கா, 113549 ஆர்எஸ்ஏ நிறுவனம். அதற்குக் கீழே உள்ள கிளைகளை அந்த நிறுவனமே பிரித்துக்கொண்டது. முழு எண்ணும் ஷா-256 உடன் கூடிய ஆர்எஸ்ஏ கையொப்பத்தைக் குறிக்கிறது. கிளை ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் புதிய வகைக்குப் பெயரிட யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அதே சமயம் அந்தப் பெயர் பெறுபவரிடம் எதையும் செய்யச் சொல்வதும் இல்லை. பெறுபவருக்குத் தெரிந்த பெயராக இருந்தால் படிப்பார். தெரியாவிட்டால் நீளத்தைப் பார்த்துத் தாண்டுவார், அல்லது மறுப்பார்.

1997-இல் ஜாவா 1.1 வேறொரு பாதையைத் தேர்ந்தது. பொருள்களை வரிசையாக்கும் வசதி அந்தப் பதிப்பில் மொழியோடு சேர்ந்தே வந்தது. நிரலர் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். எத்தனை சிக்கலான பொருளும் பைட்டுத் தொடராகிவிடும். அன்று அது எவ்வளவு விடுதலையாக உணரப்பட்டிருக்கும் என்பது புரிகிறது. அந்தத் தொடர் 172, 237, 0, 5 என்று தொடங்கும். உள்ளே ஒவ்வொரு பொருளின் வகுப்புப் பெயரும் இருக்கும். பெறும் நிரல் அந்தப் பெயரைத் தனக்குக் கிடைக்கும் வகுப்புகளுக்குள் தேடி, பொருளைக் கட்டி, அந்த வகுப்பு தனக்கென்று வைத்திருக்கும் வாசிப்புச் செயல்முறையையும் ஓட்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான், வந்த பொருள் தான் எதிர்பார்த்த வகைதானா என்று நிரல் சோதிக்கும். சோதனை கடைசியில் நடக்கிறது. அதற்குள் அந்நியர் எழுதிய பெயர் இங்கே ஒரு செயலைத் தொடங்கி வைத்துவிட்டது.

இதன் முழு விளைவையும் 2015 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த பாதுகாப்பு மாநாடு ஒன்றில் கிறிஸ் ஃப்ரோஹாஃப், கேப்ரியல் லாரன்ஸ் இருவரும் காட்டினார்கள். தாக்குபவர் புதிய நிரல் எதையும் அனுப்பத் தேவையில்லை. பல செயலிகளில் ஏற்கெனவே இருக்கும் அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் நூலகத்தில், பெயர் சொன்னால் எந்தச் செயல்முறையையும் அழைக்கும் வகுப்பு ஒன்று இருந்தது. அதையும் வேறு சில அப்பாவி வகுப்புகளையும் சரியான வரிசையில் கோத்து அனுப்பினால், செய்தியைப் படிக்கும்போதே பெறும் கணினியில் தாக்குபவரின் கட்டளை ஓடிவிடும். 2017-இல் வந்த ஜாவா 9 வகுப்புப் பெயர்களை முன்கூட்டியே வடிகட்டும் வசதியைத் தந்தது. இந்த வரிசையாக்க வசதியையே 1997-இல் நேர்ந்த பெரும் பிழை என்று ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரைன்ஹோல்ட் 2018-இல் சொன்னார். பைத்தானின் பிக்கிள் முறையும் இதே குடும்பம்தான். நம்பகமற்ற தரவைப் பிரிக்க வேண்டாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

ஹெர்லிஹியும் லிஸ்கோவும் வகுத்த எல்லையை வைத்துப் பார்த்தால் தவறு எங்கே என்பது தெளிவு. அவர்கள் மதிப்பை மட்டுமே எல்லை தாண்ட விட்டார்கள். ஜாவா உள்ளமைப்பின் பெயரையும் தாண்ட விட்டது. படிப்பதும் இயக்குவதும் அங்கே ஒன்றாகிப்போயின.

ஜேசனின் தொடக்க நாட்களிலும் இதே தவறு நடந்தது என்பது பலருக்கு நினைவில்லை. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் 2001-இல் வடிவம் கொடுத்த இந்த எளிய எழுத்துமுறை ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ஒரு பகுதி என்பதால், வந்த உரையை நிரலாகவே ஓட்டிப் படிக்கும் பழக்கம் பரவியது. 2009-இன் இறுதியில் வெளியான மொழித்தரம்தான் ஓட்டாமல் படிக்கும் தனிச் செயல்கூற்றை எல்லா உலாவிகளுக்கும் பொதுவாக்கியது. ஜேசனில் 300 என்பது 51, 48, 48, அதாவது 3, 0, 0 என்ற எழுத்துகள். மனிதக் கண்ணுக்கு இதைவிட இனிமையான வடிவம் இல்லை. ஆனால் எண் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று அது சொல்வதில்லை. 9007199254740993 என்று அனுப்பினால் வழக்கமான ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கடைசி 3-ஐ 2 ஆக்கிப் படிக்கும். ட்விட்டர் தன் பதிவு எண்களை எண்ணாக ஒருமுறை, சரமாக ஒருமுறை என்று இரட்டித்து அனுப்பியது இதனால்தான். அதற்கு முன் ஆண்ட எக்ஸ்எம்எல்லுக்கு வகை சொல்லும் ஏற்பாடுகள் குறைவில்லை. அதன் கனம்தான் பலரை ஜேசன் பக்கம் தள்ளியது.

கூகுளுக்குள் 2001-இல் தொடங்கி 2008-இல் பொதுவில் வெளியான புரோட்டோகால் பஃபர்ஸ் பழைய உடன்பாட்டு வழிக்கே திரும்பியது. முதல் புலத்தில் உள்ள 300 அங்கே 8, 172, 2 என்று எழுதப்படும். 8 என்பதற்குள் புல எண்ணும், மதிப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற குறிப்பும் மட்டுமே உண்டு. புலத்தின் பெயர் இரு தரப்பும் வைத்திருக்கும் வரையறையில் இருக்கிறது. ஆனால் எந்த வகையும் வரக்கூடிய புலம் வேண்டும் என்ற தேவை இங்கும் வந்து நின்றது. மூன்றாம் பதிப்பு அதற்கு 'எனி' என்ற வகையைத் தந்தது: ஒரு வகைப் பெயர், அதற்குப் பின் பிரிக்கப்படாத பைட்டுகள். பெயர் பார்க்க வலைமுகவரி போல இருக்கும். பெறும் நிரல் அதைத் தேடி வலைக்குப் போவதில்லை. தன்னோடு தொகுக்கப்பட்ட வகைகளுள் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பிரிக்கும். இல்லாவிட்டால் பொதியைத் திறக்காமல் அப்படியே அடுத்தவருக்கு அனுப்பவும் முடியும். அமைப்பில் இது 1988-இன் ஏஎஸ்என்.1 ஏற்பாடேதான். பெயரைச் செய்தி சொல்கிறது. அதன் பொருளைப் பெறுபவரின் பதிவேடு தீர்மானிக்கிறது.

அந்தப் பழைய ஏற்பாடு இன்றும் வேலை செய்கிறது. நம் உலாவி ஒவ்வொரு பாதுகாப்பான தளத்திலும் சோதிக்கும் எக்ஸ்.509 சான்றிதழில், கையொப்ப முறை எது என்று சொல்லும் புலம் 1988-இல் வகுத்த அதே அமைப்பில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் கணினிகளைத் தாங்கும் எம்எல்-டிஎஸ்ஏ என்ற கையொப்ப முறையைத் தரமாக வெளியிட்டது. அதன் ஒரு வகைக்கு 2.16.840.1.101.3.4.3.18 என்ற அடையாள எண் உண்டு. அந்த எண்ணைத் தாங்கிய சான்றிதழைப் பத்தாண்டு பழைய நிரல் ஒன்றிடம் கொடுத்தாலும், அது வகைக்குறியையும் நீளத்தையும் வழக்கம்போல் படித்து, பெயர் வரை வந்து, இது தன் பட்டியலில் இல்லை என்று கண்டு, சான்றிதழை ஏற்க மறுத்துவிடும்.