சமையலறைக் கழிவே உரம்: வீட்டுத் தோட்டத்திற்கு எளிய இயற்கை முறைகள்

தோட்டப்புற லயங்களில் வாழ்ந்த பல குடும்பங்களுக்கு வீட்டின் பின்புறத்தில் ஒரு முருங்கையும் கருவேப்பிலையும் நாலு பாத்தி கீரையும் இருப்பது வழக்கம். தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த பிறகு அந்தப் பழக்கம் குறைந்துவிட்டது. ஆனால் வெயில் படும் இடத்தில் ஐந்தாறு பூச்சட்டிகள் இருந்தாலே, இரசாயன உரமின்றிக் கீரையும் மிளகாயும் வளர்க்கலாம். கீரைக்கு நாளொன்றுக்கு 4 மணி நேர வெயில் போதும். மிளகாய்க்கும் வெண்டைக்கும் 6 மணி நேரமாவது வேண்டும்.

முதலில் மண்

மலேசியாவின் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அந்த மழை மண்ணின் சத்துகளைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. கடையில் வாங்கிப் போடும் உரமும் அப்படியே கரைந்து போகும். மண்ணில் சத்தைப் பிடித்து வைப்பது மக்கிய உரம்தான்.

உரம் தயாரிப்பது எப்படி?

மூடியுள்ள ஒரு பழைய வாளியின் அடியிலும் பக்கங்களிலும் துளையிடுங்கள். காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு ஆகியவை 1 பங்கு. காய்ந்த இலை, கிழித்த அட்டைப்பெட்டி 3 பங்கு என மாற்றி மாற்றிப் போடுங்கள். வாரம் ஒருமுறை கிளறுங்கள். பிழிந்த துணியைப் போன்ற ஈரம் போதும். நாற்றம் எடுத்தால் காய்ந்த இலையைக் கூட்டுங்கள். இறைச்சி, மீன், எண்ணெய், மீந்த குழம்பு ஆகியவற்றைச் சேர்த்தால் எலி வரும்.

2 முதல் 3 மாதங்களில் அது கறுத்து, உதிரியாகி, மண்வாசனை வீசும். அதில் 1 பங்கை 3 பங்கு மண்ணோடு கலந்து நடலாம். மக்காத கோழி எருவை நேரடியாக இட்டால் வேர் கருகிவிடும்.

செடியைச் சுற்றி 5 சென்டிமீட்டர் கனத்திற்குக் காய்ந்த புல்லையோ இலையையோ பரப்புங்கள். தண்டைத் தொடாமல் சற்று இடைவெளி விடுங்கள். மழை மண்ணை அரிக்காது, களையும் குறையும்.

பூச்சி வந்தால்

மிளகாய் இலை சுருண்டால் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே அசுவினி, வெள்ளை ஈ போன்றவை ஒட்டியிருக்கலாம். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதற்கும் போகாவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து, மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

எதை முதலில் நடலாம்?

தண்டுக்கீரையை 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். வெண்டை சுமார் 50 நாளில் காய்க்கும். பயற்றங்காயின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். அது காய்த்து ஓய்ந்ததும் வேரை மண்ணிலேயே விட்டு, அங்கே கீரை விதைப்பது நல்லது.

ஏடிஸ் கவனம்

பூச்சட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஒரு வாரத்திற்குச் சற்றுக் கூடுதலான நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். எனவே தட்டுகளை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்; தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். டிங்கிக் காய்ச்சலைத் தடுப்பதும் தோட்ட வேலையில் ஒன்றுதான். கொசு உற்பத்திக்கு இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகும்.