மாரி செல்வராஜ் படங்களில் ஓட்டமும் பறத்தலும்

1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸார் தடியடி நடத்தினர். தப்பியோடியவர்கள் தாமிரபரணியில் இறங்கினர். 17 பேர் இறந்தனர். இந்த வட்டாரத்துப் புளியங்குளத்தில் பிறந்த மாரி செல்வராஜ், தம் சிறுகதைத் தொகுப்புக்கு ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ என்று பெயரிட்டார். அவருடைய படங்களிலும் யாராவது ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்.

‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் கூத்துக் கலைஞரான தந்தை, வேட்டி உருவப்பட்டு நடுத்தெருவில் ஓடுகிறார். அவமானத்தை இவ்வளவு நேராகக் காட்டிய தமிழ்க் காட்சிகள் குறைவு.

1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் போலீஸார் புகுந்து வீடுகளைச் சூறையாடியதை நினைவூட்டும் ‘கர்ணன்’ (2021) படத்தில்தான் பறத்தல் வெளிப்படையாக வருகிறது. கோழிக்குஞ்சைக் கவ்விக்கொண்டு பருந்து மேலேறுகிறது. கீழே நிற்கும் கிழவி அதனிடம் கெஞ்சுகிறாள். பேருந்து நிற்காத அந்த ஊரில் முன்னங்கால்கள் கட்டப்பட்ட கழுதை ஒன்று திரிகிறது. கர்ணன் கயிற்றை அறுத்ததும் அது மலையை நோக்கி ஓடுகிறது. பருந்தைவிடக் கழுதையே வலுவான படிமம். அதன் கட்டு மனிதர் போட்டது.

‘வாழை’ (2024) படத்துச் சிறுவன் தார் சுமப்பதிலிருந்தும் பசியிலிருந்தும் ஓடுகிறான்.

‘பைசன் காளமாடன்’ (2025) மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவியது. அவர் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். கபடிக்காக ஓடிப் பழகிய நாயகன் ஜப்பான் வரை போகிறான். ஊர்ப்பகையோ அவனைக் கடைசிவரை துரத்துகிறது.